கடைசிப் பெயர் என்ன என்று கேட்கிறது கருவி!

எந்திரத்தைக் கண்டு எட்டி நின்ற ஊரல்ல கோவை. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்த நாள் தொட்டு, எந்திரத்தின் ஓசையிலே விழித்து, எந்திரத்தின் ஓசையிலே உறங்கிப் பழகிய ஊர். 1930களில் பைக்காராவின் மின்சாரம் மலையிறங்கி வந்ததும் ஆலைக்கு மேல் ஆலையாக எழுப்பிக் காட்டிய ஊர். பள்ளிப் படிப்பை முழுதாக முடிக்காத கலங்கல் கிராமத்து ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்துப் பொறியியல் கற்ற ஊர். இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படும் மோட்டார் 1937-இல் பிறந்த ஊர். பீளமேட்டிலும் கணபதியிலும் குறிச்சியிலும் ஒற்றை அறைப் பட்டறையில் லேத்து வைத்துக்கொண்டு, தலைமுடி அளவுகூடப் பிசகாமல் இரும்பைக் கடைந்து தருகிற தோழன் இன்றைக்கும் இருக்கிறான். அவனிடம் போய்ப் பட்டம் எங்கே, சான்றிதழ் எங்கே என்று கேட்டால் சிரிப்பான்!

அந்தத் தோழன், உள்ளங்கை அகலமுள்ள ஒரு கண்ணாடிக்கு முன்னால் விழிக்கிறான், தோழர்களே! இரும்பை வளைத்த விரல், கைப்பேசித் திரையின் மேல் நடுங்குகிறது. பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும். வைப்பு நிதியில் கிடக்கும் தன் சொந்தப் பணத்தைக் கேட்டு எழுத வேண்டும். படிவம் போகவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது. பக்கத்தில் நிற்கும் கல்லூரி மாணவனைப் பார்த்து, "ஏனுங் தம்பி, இது என்னமோ செவப்புல காட்டுதே, என்னுங்க சொல்லுது?" என்று கேட்கிறான்.

"செல்லாதுன்னு சொல்லுதுங்ண்ணா."

"எது செல்லாதாமா?"

அதை அது சொல்லவில்லை!

உடனே மேதாவிகள் மேடையேறுவார்கள். பாமரனுக்குப் பயிற்சி போதாது என்பார்கள். கணினி அறிவு வளர வேண்டும், விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்பார்கள். நாம் கேட்கிறோம்: முப்பது ஆண்டு எந்திரத்தோடு வாழ்ந்தவனுக்கா எந்திர அறிவு இல்லை? குறை அவன் தலையிலா, அல்லது அந்தத் திரையை வகுத்தவன் தலையிலா?

இந்தக் கேள்வியை உலகத்தார் கேட்டு நெடுநாளாகிறது. டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1988-இல் அன்றாடப் பொருள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கதவைப் பற்றிப் பேசுகிறார் அதிலே. தள்ள வேண்டிய கதவை ஒருவன் இழுக்கிறான், அடுத்தவனும் இழுக்கிறான், வருகிறவனெல்லாம் இழுக்கிறான். அப்படியானால் வந்தவர்கள் அத்தனை பேரும் முட்டாள்களா? இல்லை, கைப்பிடியை இழுப்பதற்கு ஏற்றபடி வைத்தவனே தவறியவன் என்பது அவருடைய வாதம். பெரிய வேதாந்தம் ஒன்றுமில்லை இது. நம் பட்டறைத் தோழர்களுக்கு என்றோ தெரிந்த செய்திதான்.

பாருங்கள், கணினி பூட்டிய லேத்து எந்திரத்தில் எமர்ஜென்சி பட்டன் இருக்கிறது. காளான் குடை போல உப்பிய தலை. சிவப்பு நிறம். பின்புலம் மஞ்சள். ஏன் அப்படி? கையில் எண்ணெய் வழிந்தாலும், உறை மாட்டியிருந்தாலும், கண் பதறினாலும், உள்ளங்கையால் ஓர் அறை விட்டால் எந்திரம் நிற்க வேண்டும். அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அழுத்த வேண்டும் என்றால், படித்து முடிப்பதற்குள் விரல் போய்விடும்! அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும், திருகினால்தான் விடுபடும், தவறுதலாக எந்திரம் மீண்டும் ஓடாது. உலகம் முழுதும் இதற்கு ஒரே முறை. தொழிலாளியின் பதற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட வடிவமைப்பு இது. அவனுக்குப் பயிற்சி போதாது என்று சொல்லிவிட்டு யாரும் போய்விடவில்லை. போனால் இரத்தம் சிந்தும் என்பதாலே போகவில்லை.

கைப்பேசித் திரையில் இரத்தம் சிந்துவதில்லை. ஆகவே அனுப்பு என்ற பொத்தானும் அழி என்ற பொத்தானும் அண்ணன் தம்பி போல அருகருகே உட்கார்ந்திருக்கின்றன!

வீட்டுக்குள் வாருங்கள். கோவை கிரைண்டரைப் பாருங்கள். 1950களில் இந்த ஊரில் பிறந்தது; இன்றைக்குப் புவிசார் குறியீடு பெற்றுக் 'கோவை வெட் கிரைண்டர்' என்ற பெயரோடு நிற்கிறது. ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுழலும், சுழற்றுகிற தாயின் தோள் தேயும். கிரைண்டரிலோ கல்தொட்டியே சுழல்கிறது. கையின் வேலையை எந்திரத்துக்கு மாற்றியவர்கள், கையின் அசைவை அப்படியே நகல் எடுக்கவில்லை. மாவு வேண்டும், மாவு சூடேறக் கூடாது, அவ்வளவுதான் தேவை என்று கண்டு, அதற்கேற்ப வகுத்தார்கள். பிறகு பார்த்தார்கள், மாவை வழித்தெடுக்கக் குனிய வேண்டியிருக்கிறது. சாய்க்கும் கிரைண்டர் வந்தது. குடும்பம் சிறுத்தது, மேசை மேல் வைக்கும் கிரைண்டர் வந்தது. ஒரே ஒரு சுவிட்ச்! நம் பாட்டிமார் எந்த முகாமுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள் அதை ஓட்ட?

இன்னோர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். இதைக் கழகத் தோழர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. தேர்தல் சின்னம்! 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எழுத்துக் கற்ற பிறகு வாக்களிக்க வா என்று சொன்னார்களா? இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு சின்னம் என்று வைத்தார்கள். பிறகு ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சாயின. 1982-இல் கேரளத்து வடக்குப் பரவூரில் எந்திரம் வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் நம் மாநிலம் முழுதும் வந்தது. அந்த எந்திரத்தின் நம்பகத்தைப் பற்றிய வழக்கும் வாதமும் வேறு. இங்கே அதன் முகத்தை மட்டும் பார்ப்போம். பெயர், சின்னம், பக்கத்தில் நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது. 'பீப்' என்று நீண்ட ஓசை கேட்கிறது. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. உன் வேலை முடிந்தது, போய் வா என்று எந்திரமே சொல்லி அனுப்புகிறது. தொண்ணூறு வயதுப் பாட்டியும் உள்ளே போய் ஒரு நிமிடத்தில் வெளியே வருகிறார். சாவடி முகவராக உட்கார்ந்து அந்த ஓசையை எண்ணிய தோழர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதே பாட்டி, அதே அரசிடம் முதியோர் ஓய்வூதியம் கேட்டு இணையத்தில் எழுத வேண்டுமென்றால்? கோணல் மாணலாக நெளிந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து, நான் மனிதப் பிறவிதான் என்று மெய்ப்பிக்க வேண்டும்! வாக்குக் கேட்கும்போது மட்டும் தெரிந்தது, ஆளுக்கேற்பக் கருவி செய்ய வேண்டும் என்பது.

இனி எழுத்துக்கு வருவோம். திரையிலே எழுத்துத்தானே எல்லாம்?

ஆளுக்கேற்பக் கருவி என்ற கொள்கையை எழுத்தின் மீதே செலுத்திக் காட்டியவர் ஈரோட்டுக்காரர். 1935-இல் பெரியார் தம் குடிஅரசு ஏட்டில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கினார். ணை, லை, ளை, னை என்ற நான்குக்கும் தலைமேல் துதிக்கை சுழித்து நின்ற காலம் அது. ணா, றா, னா என்பவையும் அவற்றின் ஒகர ஓகார இனமும் வேறு வேறு வடிவத்தில் முறுக்கிக்கொண்டு நின்றன. மொத்தம் 13 எழுத்து. பழைமை என்றார்கள், மரபு என்றார்கள், தெய்வத் தமிழில் கை வைப்பதா என்றார்கள். பெரியாரின் கணக்கு வேறு. பிள்ளை எளிதில் கற்க வேண்டும், அச்சுக் கோப்பவனுக்கு அறைகள் குறைய வேண்டும், தட்டச்சில் அடங்க வேண்டும். எழுத்து நமக்காக, நாம் எழுத்துக்காக அல்ல! 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. ஆணையிட்டது எந்த முகாம் என்று பார்த்துப் பாராட்டை அளந்து போடுகிற பழக்கம் நமக்கில்லை, நல்லது நடந்தது. 1935-இல் தொடங்கியது 1978-இல் ஏறியது என்றால், 43 ஆண்டு. சின்னஞ்சிறு மாற்றத்துக்கு எவ்வளவு காலம் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்!

பிறகு கணினி வந்தது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொன்று, அச்சகத்துக்கொன்று. காந்திபுரத்து டி.டி.பி. கடையில் அடித்த திருமண அழைப்பிதழை ஈரோட்டுக் கடையில் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் கட்டமும் கொக்கியும் நிற்கும். 1999 பிப்ரவரியில் கலைஞர் ஆட்சியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியது. அவ்வாண்டே தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. அதன் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், தோழர்களே, ஏனெனில் ஆளுக்கேற்பக் கருவி செய்வது எப்படி என்பதற்குப் பாடம் அது. உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்தில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். விரல் இயல்பாக உட்காரும் நடுவரிசையில் க, ப, ம, த, ந. அடிக்கடி வருகிற எழுத்து அருகிலே; அரிதாக வருவது தொலைவிலே. புள்ளிக்குத் தனியாகத் தேட வேண்டியதில்லை. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, 'அம்மா' வந்துவிடும்! ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முன்னதற்குப் புள்ளி என்பது தமிழின் இயல்பு; அந்த இயல்பைக் கருவிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ப, ந, த, உ என்று தட்டினால் 'பந்து'. தமிழின் நடையறிந்தவர் செய்த கருவி அது.

2010 சூன் 23 முதல் 27 வரை நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவிநாசி சாலை மனித வெள்ளமானது நினைவிருக்கும். ஊர்தி அணிவகுப்பைப் பார்த்தவர் பலர். கூடவே கொடிசியாவில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைப் பார்த்தவர் சிலர். அந்த நாளில்தான் ஒருங்குறியைத் தமிழுக்குரிய குறியீடாகத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது. எழுத்து எழுத்தாகத் தனி எண் கொடுக்கும் இன்னொரு முறையையும் மாற்றாக ஏற்றது. எழுத்துரு குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி கோவையிலே இடப்பட்டது என்று நாம் பெருமைப்படலாம்.

ஆனால் முற்றும் தீர்ந்ததா? 'கோயமுத்தூர்' என்று எழுதுங்கள். நமக்கு 6 எழுத்து. ஒருங்குறிக்கு 11! கொம்புக்கு ஒன்று, சுழிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியே எண்ணுகிறது. 'தமிழ்' என்ற மூன்றெழுத்தே அதற்கு ஐந்து. இதிலென்ன குடி முழுகிவிட்டது என்பீர்கள். குறுஞ்செய்தி என்று ஒன்று வருகிறதல்லவா, சம்பளம் ஏறியது, பணம் எடுக்கப்பட்டது என்று? 1980களில் ஐரோப்பாவில் வகுத்த கணக்கு அது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு செய்தியில் 160 இடம். தமிழில் எழுதினால் 70 இடம்தான்! அந்த எழுபதிலும் கோயமுத்தூர் மட்டுமே 11 தின்றுவிடும். ஆங்கிலத்தில் ஒரு செய்தியில் முடிவது தமிழில் இரண்டு மூன்றாகிறது. செலவும் இரண்டு மூன்று மடங்காகிறது. தொழிலாளியின் கைப்பேசிக்கு வரும் செய்தி ஏன் ஆங்கிலத்திலே வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சதியென்று கத்தி ஆவதில்லை. கணக்கை அறிந்து மாற்றக் கேட்க வேண்டும்.

சரவணம்பட்டியில் வலைப்பக்கம் வடிவமைக்கும் தொழிலில் இருக்கும் இளைஞர் ஒருவர் நமக்கு நண்பர். எந்த இயங்குதளம் நல்லது, விண்டோசா, மாக்கா, லினக்சா என்று அவரிடம் கேட்டோம். சிரித்தார். "நான் வரைவது மாக்கில்தானுங்க. கணக்கெழுதுவது விண்டோசில். சர்வர் ஓடுவது லினக்சில். ஆனால் என் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர் கையில் இருப்பது எட்டாயிரம் ரூபாய் ஆண்டிராய்டு போன், கண்ணாடி விரிசல், பேட்டரி பதினைந்து சதம், மேலே வெயில். என் மேசையில் எது அழகாக இருக்கிறது என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை," என்றார். இருபத்தேழு அங்குலத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளை மேல் பதித்து, ஆகா என்ன நளினம் என்று மெச்சிக்கொள்ளும் கூட்டத்தை அவர் திட்டிய திட்டு இங்கே அச்சேறாது. தாம் செய்யும் எதையும் முதலில் பழைய போன் ஒன்றில், நடுப்பகலில், தெருவில் நின்று திறந்து பார்க்கிறார். கட்டை விரலால் எட்டாத பொத்தானை எடுத்தெறிகிறார். நூல் தூசு படிந்த விரலுக்குத் திரை பணியுமா என்று பார்க்கத் தறிக்கூடத்துக்கே போகிறார்.

ஒரு செய்தியில் அவரோடு நமக்கு உடன்பாடு இல்லை. இயங்குதளம் எதுவாயினும் ஒன்றுதான் என்கிறார். நாம் அப்படி நினைக்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பை அதன் நிறுவனம் நிறுத்தியது. அடுத்த பதிப்பு ஏற வேண்டுமானால் எந்திரத்துக்குள் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி, ஒரே இரவில் கிழடாயிற்று! கோவைக்காரன் இதைப் புரிந்துகொள்ள மாட்டான். நாற்பது ஆண்டுக்கு முன் வாங்கிய லேத்துக்குப் பேரிங் மாற்றி இன்றும் ஓட்டுகிறவன் அவன். என் எந்திரத்தைத் திறக்க எனக்கு உரிமை உண்டா, பழுதானால் நானே பிரித்துப் பார்க்கலாமா? இந்தக் கேள்வியிலே லினக்ஸ் நம் பக்கம் நிற்கிறது. விலையில்லை; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் படிக்கலாம், திருத்தலாம். தமிழில் மாற்றலாம், எவரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்ததே! கற்றுத்தர ஆள் வைத்திருந்தால்? சரி, அது பழங்கதை.

ஆண்டிராய்டு வந்த முதல் சில ஆண்டுகளில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இன்று எந்தப் போனிலும் தமிழ் தெரிகிறது, எழுதவும் முடிகிறது. ஆப்பிளின் கருவிகளிலும் அப்படியே. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடித்த எழுத்துரு அங்கே உட்கார்ந்திருக்கிறது. 2017-இல் கூகுள் பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் வசதியைத் தந்தது. எழுதக் கூசுகிறவன் பேசலாம். (நம் கொங்குப் பேச்சின் 'ங்க'வை அது எப்படி எழுதுகிறது என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு!) தேநீர்க் கடைகளிலே வைத்திருக்கிற சின்னஞ்சிறு பெட்டி, பணம் வந்து சேர்ந்ததும் இத்தனை ரூபாய் பெறப்பட்டது என்று தமிழிலே கூவுகிறது. கடைக்காரர் கண்ணை அடுப்பிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கையைத் துடைக்க வேண்டியதில்லை. வணிகனுக்குக் காசு வர வேண்டுமென்றால் கருவி தமிழ் பேசக் கற்றுக்கொள்கிறது. தொழிலாளிக்குக் காசு போக வேண்டுமென்றால்தான் அதற்கு நாக்குக் குழறுகிறது!

தமிழ், தமிழ் என்று நமக்கு மட்டும் கேட்டுக்கொண்டு நின்றால் அது நேர்மையாகாது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் கோவை வார்ப்படப் பட்டறைகளிலும் ஒடியாவும் வங்காளமும் பேசும் தோழர்கள் நம்மோடு நிற்கிறார்கள். நமக்குத் தமிழில் வேண்டும் என்பதற்கு என்ன நியாயமோ, அதே நியாயம் அவனுக்கு ஒடியாவில் வேண்டும் என்பதற்கும் உண்டு. எந்திரத்தின் மேல் ஒட்டும் எச்சரிக்கை அவனுக்குப் புரியாவிட்டால், போவது அவன் விரல்.

இனி, முதலிலே சொன்ன அந்தச் சிவப்பு எழுத்துக்கு வருவோம். எது செல்லாது என்றது அது?

பெயர்தான் செல்லாது என்றது!

முதற்பெயர் என்று ஒரு கட்டம். கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம். அதன் தலையில் சிவப்பாக ஒரு நட்சத்திரம்; நிரப்பாமல் விட்டால் படிவம் நகராது. தமிழனுக்கு ஏதையா கடைசிப் பெயர்? தகப்பன் பெயரின் தலையெழுத்து, பிறகு தன் பெயர், அவ்வளவுதானே நமக்கு! வடக்கிலும் மேற்கிலும் குடும்பப் பெயர் உண்டு. அந்த வழக்கத்தை உலக வழக்கம் என்று எண்ணி எவனோ ஒருவன் கட்டம் போட்டான். அதைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள்.

நமக்கு ஏன் கடைசிப் பெயர் இல்லை? மறந்துபோய் விடவில்லை, தோழர்களே, மானத்தோடு விட்டோம்! 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை அறுத்தெறிவது என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். வாலை அறுத்துவிட்டு வந்த மக்களைப் பார்த்து, வால் எங்கே என்று கேட்கிறது கருவி!

இதனால் வருகிற துன்பம் ஒன்றா, இரண்டா? ஆதார் அட்டையில் பெயருக்கு ஒரே கட்டம். அங்கே 'முருகன் க' என்றிருக்கும். பான் அட்டைக்கான 49ஏ படிவமோ நெடுங்காலம் கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டது; தலையெழுத்தை ஏற்காது, விரித்தெழுதச் சொல்லும். விரித்தெழுதினால் தகப்பன் பெயர் கடைசிப் பெயராகிவிடும். முருகன், 'முருகன் கருப்புசாமி' ஆவான். வங்கியிலிருந்து தொலைபேசியில் கூப்பிடுகிற பெண், "மிஸ்டர் கருப்புசாமி" என்பாள்; அவர் இறந்து பத்தாண்டு ஆகியிருக்கும்! ஆலையின் பதிவேட்டில் 'க. முருகன்'. மூன்று ஏட்டில் மூன்று முருகன். அந்த மூவரும் ஒரே ஆள் என்று மெய்ப்பித்தால்தான் அவன் உழைத்துச் சேர்த்த பணம் அவன் கைக்கு வரும். அதுவரை அரை நாள் கூலியை இழந்து அலுவலகப் படி ஏற வேண்டும்.

கடல் கடந்தாலும் விடாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. இடைப்பட்ட நாளில் பயணச்சீட்டு வாங்கிவிட்டுப் பதறியவர் எத்தனை பேரோ!

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சிக்கன நாணயச் சங்கத்துக்கு விண்ணப்பப் பக்கம் செய்து தரும் வேலை நம் நண்பருக்கு வந்தது. வழக்கம் போல, பல நாட்டிலும் பயன்படும் ஆயத்தப் படிவம் ஒன்றை எடுத்துத் தமிழாக்கி வைத்தார். சங்கத்துக்கு எதிரிலிருந்த தேநீர்க் கடையில் ஆலைத் தொழிலாளர் ஐந்து பேரை உட்கார வைத்து, அவரவர் போனிலே நிரப்பச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்த்தார். வாய் திறக்காமல் நிற்பதுதான் கடினம் என்கிறார். முதற்பெயரை ஐவரும் விரைவாக எழுதினார்கள். இரண்டாம் கட்டத்தில் ஐவருமே நின்றார்கள். ஒருவர் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார், ஏற்கவில்லை. ஒருவர் ஊர்ப் பெயரை எழுதினார். ஒருவர் தம் பெயரையே மறுமுறை எழுதினார். ஒருவர் போனை மேசை மேல் வைத்துவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.

ஐந்தாமவர் ஐம்பது வயதைக் கடந்தவர். இயக்கத்துக்காரர். வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில்கூடப் பட்டத்தைச் சேர்க்க விடாதவர். நெடுநேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று இருபுறமும் பார்த்து, தம் சாதிப் பட்டத்தை எழுதினார். படிவம் உடனே ஏற்றுக்கொண்டது. பச்சை நிறத்தில் சரி என்று குறி போட்டது.

நண்பர் அன்றிரவே அந்தக் கட்டத்தை எடுத்தார். இப்போது பெயர் என்று ஒரே கட்டம். அதன் கீழே, தாய் அல்லது தந்தை பெயர் என்று இன்னொன்று. ஒற்றை எழுத்தையும் ஏற்கும், புள்ளியையும் ஏற்கும். மறுவாரம் அதே ஐவரையும் அதே கடைக்கு வரச் சொன்னார். பெரியவர் முதலில் முடித்தார். படிவம் போய்ச் சேர்ந்தது.